நாற்பது படிக்கு எத்தனை லிட்டர்

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துக் கேட்பார்: "இன்னா பாப்பா, நாப்பது படிக்கு எத்தினி லிட்டரு?" கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் பிறந்த பிறகும் இந்தக் கேள்வி ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறுபத்தெட்டு. அன்றைக்கும் அறுபத்தெட்டுதான், இன்றைக்கும் அறுபத்தெட்டுதான். அது அவருக்கும் தெரியும்.

நான் ஆறாவது படிக்கும்போது அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. புடவை, வளையல், பழத்தட்டு எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்து வரலாம், விருந்துக்கு உலையில் போடும் அரிசி மட்டும் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அரிசி குறைந்தால் பெண்ணின் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். அவர்தான் இந்த மாமா, வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் எடை போடுகிறவர். காலையிலிருந்து மாலை வரை அரிசியை நிறுத்து மூட்டை கட்டுவதுதான் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலுக்குச் சாலவாக்கத்திலிருந்து ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவரிடம் கிலோ என்று பேச்செடுத்தாலே முகம் சுளிப்பார். "கிலோவுல எனுக்கு உலை வெக்கத் தெரியாதும்மா. படிக்குப் பத்து பேரு. நானூறு பேருக்கு நாப்பது படி. பெரிய படி, தலை தட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மில்லிலோ எல்லாம் கிலோ. எங்கள் வீட்டில் இருந்ததோ ரேஷன் சாமான் அளக்கிற லிட்டர் படி. மாமா போனில், "எல்லாத்தையும் கணக்கா எழுதிக் குடுங்க, அதும்படி கொண்டாறேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான்தான் முதல். அம்மா அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

எவ்வளவு பெருமையாகச் செய்தேன் என்பதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. எதிர்வீட்டில் நெல் அளக்கிற பெரிய படியை இரவல் வாங்கி வந்தோம். அம்மா படியைப் பிடித்துக்கொள்ள, நான் அரிசியைக் கொட்டி ஸ்கேலால் தலை தட்டினேன். ஒரு படியை லிட்டரில் ஊற்றினால் ஒன்று நிறைந்து மீதி தொங்கும், சரியாகப் பிடிபடவில்லை. அதனால் பத்துப் படி அளந்து பாயில் குவித்து, அதை லிட்டரால் அளந்தேன். பதினேழு. நம்பாமல் இன்னொரு தரம் அளந்தேன். பதினேழுதான். பிறகு ஒரு லிட்டர் அரிசியைக் கடைக்கு எடுத்துப்போய் நிறுத்தேன், எண்ணூறு கிராம். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நாற்பது பெரிய படி, அறுபத்தெட்டு லிட்டர், ஐம்பத்து நாலரைக் கிலோ என்று எழுதி, கீழே கோடு போட்டு என் கையெழுத்தையும் போட்டேன். கணக்குப்படி ஐம்பத்து நாலு கிலோ நானூறு கிராம்தான், நூறு கிராம் கூடுதலாகவே போட்டிருந்தேன், மாமா குறையாகக் கொண்டுவந்துவிடக் கூடாதே என்று. பத்திரிகை வைக்க வாலாஜாபாத் போனபோது அம்மா அதை அவர் கையில் கொடுத்தாள். அவர் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விசேஷத்தன்று விடியற்காலையில் மாமா டாடா ஏஸில் வந்து இறங்கினார். முன்னால் மேளம், பின்னால் இருபத்தொரு தட்டு, ஆப்பிள் எல்லாம் மினுமினு என்று துடைத்து அடுக்கியிருந்தது. பெரிய அத்தை, அதாவது நைனாவின் அக்கா, வாசலில் நின்று ஒவ்வொரு தட்டாக எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த அத்தைக்கு அம்மா இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எதுவும் போதாது. அன்றைக்கு அம்மா முதல் முறையாக அவள் முன்னால் நிமிர்ந்து நின்றாள். கடைசியாகச் சாக்கு மூட்டை இறங்கியது.

சமையல்காரர் மூட்டையைப் பிரித்துத் தன் இரும்புப் படியால் அளக்க ஆரம்பித்தார். ஒன்று என்று சொல்லக் கூடாது என்பதால், "லாபம்" என்று முதல் படியைப் பாத்திரத்தில் கொட்டினார். பிறகு ரெண்டு, மூணு என்று பாட்டு மாதிரி போனது. பதினைந்து வரை யாரும் கவனிக்கவில்லை. இருபதில் சாக்கு தொய்ந்துவிட்டது. இருபத்து மூன்றுக்குப் பிறகு அவர் சாக்கைத் தலைகீழாக உதறினார். அரைப் படி விழுந்தது. அவர் படியைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, உங்க அண்ணன் வூட்டு சீரு இவ்ளோதானா? மேளத்துக்குப் பதிலா இன்னொரு மூட்ட கொண்டாந்திருக்கலாமே" என்றாள் பெரிய அத்தை.

மாமா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. என் தலையில் கையை வைத்தார். "பாப்பா நாப்பது படின்னா நாப்பது லிட்டருன்னு எழுதிக் குடுத்துச்சி. நான் அதும்படி போட்டுக்கினு வந்துட்டேன். கொயந்த தான, தெரியாம பண்ணிடுச்சி, வுடுங்க" என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார், என்னைக் காப்பாற்றுகிறவர் மாதிரி.

இருபத்து மூன்றரைப் படி சரியாக நாற்பது லிட்டர் என்று அந்த நிமிடமே மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். கை தவறிக் குறைந்தது அல்ல அது, அளந்து குறைத்தது. அவர் வெள்ளைச் சட்டையின் பையில் என் கோடு போட்ட தாள் மடித்தபடி தெரிந்தது. பத்திரிகை வாங்கியபோது போட்டிருந்த அதே சட்டை. "நான் அறுபத்தெட்டுன்னுதான் எழுதனேன். சீட்டு மாமா பாக்கெட்லயே கீது, எடுத்துப் பாருங்க" என்று சொல்லி எட்டிக் கையை நீட்டினேன்.

விரல் பையில் படுவதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தது அம்மா.

"பெரியவங்க பேசிக்கினு இருக்கும்போது எதிர்ப்பேச்சு வேறயா. ஒரு படிக் கணக்கு தெரில, நீ இன்னாத்த படிச்சி கிழிக்கப்போற" என்றாள். கூட்டம் சிரித்தது. மாமா சட்டைப்பையை உள்ளங்கையால் ஒரு தரம் தடவிவிட்டுக்கொண்டு அப்பால் போனார்.

நைனா வண்டியை எடுத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு ஓடி, கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி இருபத்தைந்து கிலோ சிப்பம் ஒன்று வாங்கி வந்தார். அது மோட்டா அரிசி. முதல் பந்திக்குச் சன்ன அரிசியும் மூன்றாவது பந்திக்கு மோட்டா அரிசியும் விழுந்ததில் இலைக்கு இலை என் பேச்சுதான். யாரோ எனக்கு "லிட்டரு" என்று பெயர் வைத்தார்கள். மறுவாரம் பள்ளிக்கூடத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. கணக்கு டீச்சர்கூட ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டார்.

மாமாவை நான் வெறுத்தேன். அதைவிட அம்மாவை வெறுத்தேன். பதினைந்து நாள் அவள் கூப்பிட்டால் திரும்பவில்லை, அவள் பின்னினால் தலையை அவிழ்த்துவிட்டு நானே கோணலாகப் பின்னிக்கொண்டு போனேன். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அவள் தனியாக உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பையைப் போட்டுவிட்டு எதிரில் நின்றேன்.

"நீதானம்மா படியப் புடிச்ச. பத்துப் படிக்குப் பதினேழுன்னு நீயும்தான எண்ணுன. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள், நிமிராமல்.

அவள் மறுப்பாள் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால் சண்டை போட எனக்கு நிறைய இருந்தது. "அப்புறம் இன்னாத்துக்கு என்ன அடிச்ச?"

"அந்தச் சீட்ட நீ வெளிய எடுத்திருந்தா உங்க மாமன் மறுபடி இந்த வாசப்படி மிதிக்க மாட்டாரு. உங்க அத்தை நான் சாவுற வரைக்கும் அதையே சொல்லிக் காட்டிக்கினு இருக்கும்."

"அப்போ நானு?"

அவள் முறத்தைப் புடைத்தாள், கல்லைப் பொறுக்கி எறிந்தாள், மறுபடி புடைத்தாள். நான் நின்று பார்த்துவிட்டு, இவளுக்கு என்னைவிட அண்ணன்தான் பெரிது என்று முடிவு கட்டிக்கொண்டு போய்விட்டேன். பல வருஷம் அதையே நம்பினேன்.

இப்போதும் எனக்குக் கோபம் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் செய்தது தப்பு. பதினோரு வயதுப் பெண்ணின் தலையில் நாற்பது லிட்டரையும் கொட்டிவிட்டு, அண்ணனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாள். ஆனால் "அப்போ நானு?" என்ற கேள்விக்கு அவள் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அந்த நிமிடம் அவள் எங்கள் இருவரில் ஒருவரைக் கைவிட்டாக வேண்டியிருந்தது. அண்ணன் கோபித்துக்கொண்டால் திரும்பி வரமாட்டார். நான் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும், சாயந்திரம் பசிக்கும்போது அவளிடம்தான் வருவேன்.