பெயரில் போட்ட ஓட்டை

நேற்று கடலூரில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நின்றேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பங்க்கில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மீட்டர பாத்துதான் சார் போட்டேன்" என்றார். பாவம், அவர் என்ன செய்வார்? கோபமெல்லாம் என் மச்சான் மேல்.

மனைவியின் அண்ணனான அவரும் நானும் பங்கு போட்டு பெட்ரோலில் ஓடும் பழைய லாரி ஒன்று வைத்திருந்தோம். புவனகிரியில் காய்கறி ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவோம். சின்ன லாரி, சீட்டுக்குப் பின்னாலேயே டேங்க். ஆவி வெளியே போகும் குழாய் இற்றுப்போய், டேங்க் விடுகிற மூச்சையெல்லாம் நாங்கள்தான் இழுத்தோம். அந்த நாற்றம் போக மச்சான் என்ன செய்தார் தெரியுமா? உள்ளேயே ஊதுபத்தி ஏற்றினார்! நான் அணைப்பேன், அவர் மறுபடி ஏற்றுவார்.

எங்கள் நடுவில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் வருவாள் அவர் மகள் செல்வி. ஓயாத தலைவலி, இறங்கும்போது வாந்தி.

"பஸ்ல போற புள்ளைங்களுந்தான் வாந்தி எடுக்குது. சும்மா இருங்க மாப்ள" என்பார் மச்சான்.

மெக்கானிக் பாயைக் கூட்டிவந்து காட்டினேன். "புதுக் குழாய கீழ விட்டா பெட்ரோல் வழியும். மேல ஏத்தி, சைடு தகட்டுல ஓட்ட போட்டு வெளிய வளச்சு உடணும்" என்றார் அவர்.

அந்தத் தகட்டில்தான் செல்வியின் பெயரைக் கலர் கலராக எழுதி வைத்திருந்தார் மச்சான். தொடவே விடமாட்டேன் என்றார். பிள்ளை வாந்தி எடுக்கலாமாம், பெயரில் கீறல் விழக்கூடாதாம். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அவர் ஒரு காதுகுத்துக்குத் திட்டக்குடி போன அன்று பாயிடம் ஓட்டை போடச் சொல்லிவிட்டேன். வந்து பார்த்தவர் ஓட்டை விழுந்த எழுத்தை விரலால் தடவினார்.

"எம் பொண்ணு பேர்லயே ஓட்ட போட்டுட்டீங்களே மாப்ள!"

"அவ நல்ல மூச்சு உடட்டும்னுதான் மச்சான்."

அந்த வாரமே வாந்தி நின்றது. கேட்டால், மந்திரித்துக் கட்டிய கயிற்றால் நின்றதாம்! என்னோடு பேச்சை நிறுத்தினார், பங்கைப் பிரித்தார், வண்டியையும் விற்றுவிட்டார்.

அது எந்தக் காயலான் கடைக்குப் போனதோ தெரியாது. இரண்டு வீட்டுக்கும் இருந்த போக்குவரத்தும் அதோடு நின்றது. போன மாதம் செல்விக்குக் கல்யாணம். பத்திரிகை என் மனைவிக்கு மட்டும் வந்தது. போய்விட்டு வந்தவள், "புள்ள சொகமா இருக்கா. அது போதாதா ஒங்களுக்கு?" என்றாள்.

போதவில்லை.