புவனேசனின் தாடையும் எடையும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கரங்கான் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை அறுக்கும் புவனேசனை, மாநிலக் குத்துச்சண்டைத் தேர்வாளர்கள் ஒரே வரியில் முடித்துவைத்திருந்தார்கள்: மூட்டை தூக்குகிற உடம்பு. அவர்களில் ஒருவரும் அவன் ஆட்டத்தை முழுதாகப் பார்த்ததில்லை.

அவன் மனைவி வாசுகி பார்த்திருக்கிறாள். அவளும் ஒருகாலத்தில் வளையத்துக்குள் நின்றவள்தான். இப்போது கூலிம் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, கைத்திண்டு மாட்டி அவன் குத்துகளை வாங்குகிறாள். அரிவாள் கட்டிய நீளக் கழியை நாளெல்லாம் தூக்கி இழுக்கும் தோள் கடைசிச் சுற்றிலும் தளராது. இடக்கை நேராகப் போய் இறங்கும். ஆனால் அதே வேலைதான் அவனைக் கெடுத்தும் வைத்தது. குலையை அண்ணாந்து பார்த்தே பழகிய தாடை சண்டையிலும் தாழ்வதில்லை. போதாததற்கு, குத்திவிட்டு எதிராளிக்கு வலித்ததா என்று நின்று பார்ப்பான். ஹெவிவெயிட் என்னும் கனத்த எடைப் பிரிவில் இது நல்ல குணமல்ல.

கெடா அணிக்குத் தேர்வு வந்தது. அவன் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தாய் பிச்சையம்மாள் தோட்டத்து முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டாள்: தேர்வு முடியும்வரை மகன் ஒருவேளைதான் சாப்பிடுவான், அதுவும் மரக்கறி. வேண்டுதல் அவளுடையது, பட்டினி அவனுடையது. வாசுகி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். தாய் சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

மாநிலத் தலைநகர் அலோர் ஸ்டாரில் தராசில் ஏறியபோது, ஹெவிவெயிட்டுக்கு வேண்டிய எடை அவனிடம் இல்லை. கீழ்ப்பிரிவில் ஏற்கெனவே ஆள் எடுத்தாயிற்று. நேரம் முடிவதற்குள் எடையோடு வந்தால் சரி என்றார் அதிகாரி. எடையைக் குறைக்க வியர்வைச் சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவனை வினோதமாகப் பார்த்தார்கள். முட்ட முட்டத் தண்ணீர் குடித்தும் போதவில்லை. வாசுகி எதிரிலிருந்த ஷம்சுதீன் கடைக்கு இழுத்துப்போய்ச் சோறும் கோழியும் சொன்னாள். அவன் தட்டில் கை வைக்கவில்லை.

"முனி கோவிச்சுக்கிட்டா என்ன பண்றது, வாசு?"

"முனியா வந்து தராசுல ஏறப்போறாரு? சாப்பிடுங்க லா."

ஷம்சுதீன் குறுக்கிட்டார். "கோழி வேணாம்னா தோசை போடறேன் தம்பி. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அன்றைய ஒருவேளை காலையிலேயே முடிந்திருந்தது; தோசையானாலும் இரண்டாம் வேளை இரண்டாம் வேளைதான். புவனேசன் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோழியையே சாப்பிட்டான். எடை தேறியது.

மாலையில் சண்டை. வயிறு கனத்ததால் நிமிர முடியவில்லை, குனிந்தே நின்றான். தாடை முதன்முறையாக நெஞ்சோடு ஒட்டியது. இரண்டாம் சுற்றில் அவன் இடக்கை எதிராளியைக் கயிற்றில் சாய்த்தது. வலித்ததா என்று குனிந்து பார்ப்பதற்குள் நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். இவன் திறமையைத் தாம் முன்பே கவனித்ததாக ஒரு தேர்வாளர் சொன்னார்.

வீட்டில் கோழி தின்றதைப் புவனேசனே தாயிடம் சொன்னான்.

பிச்சையம்மாள் சொன்னாள்: "போனா போவுது. முனியும் கோழி சாப்பிடுறவருதான்."

பிறகு எதற்கு இத்தனை நாள் பட்டினி என்று வாசுகி கேட்கவில்லை. தேசியப் போட்டிக்குள் அவன் எடை இன்னும் ஏற வேண்டும். வழக்கத்தைவிட இரண்டு பால் டின் அரிசி கூடுதலாகக் களைந்தாள்.