நாய் வரலாம், செவலை வரக்கூடாது

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. குன்னூர் ஏலத்தில் எங்கள் எஸ்டேட் தூளைச் சீண்ட ஆளில்லை என்று சொல்லி ஃபாக்டரியை மூடினார்கள். கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கும் வேலையில்லாமல் போனது. எமரால்டு அணைக்குப் போகிற ஆற்றங்கரையில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல் கொட்டகை. முதலாளி அதற்குள் கட்டில் போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். வாசலில் ஒரு பலகை: ‘சரித்திரப் புகழ் பெற்ற ஆற்றங்கரை கிராமம். உங்கள் செல்ல நாயையும் அழைத்து வரலாம்.’ நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கக்கூசுக்குக் கதவு வைக்கச் சொல்லி எத்தனை வருஷம் கெஞ்சியிருப்போம். அதற்கு வழியில்லையாம். நாய் குளிக்க மட்டும் வெந்நீர்க் குழாய் வந்தது. தூ.

அம்மாவுக்கு அங்கே கூட்டிப் பெருக்கிச் சமைக்கிற வேலை. அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் உலை கொதித்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு சும்மா இருந்த நான் கூடமாட ஒத்தாசைக்குப் போனேன். மெத்தையெல்லாம் நாய் முடி. நாய்க்கென்று உப்பில்லாமல் கோழி வேகவைத்து, எலும்பு எடுத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். மனுஷர் சாப்பிடும் தட்டிலேயே நாயும் நக்கும், சுற்றி நின்று சிரிப்பார்கள். அந்தத் தட்டை நான்தான் கழுவ வேண்டும்.

நாயென்றால் எனக்கு ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது, செவலை. கண் திறக்காத குட்டியாக எடுத்துவந்து அம்மா அடுப்போரம் போட்டு வளர்த்தது. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முன்னால் செடிக்குள் புகுந்துபோய், காட்டுமாடு நின்றால் குரைத்துச் சொல்லும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் நேரம் கொட்டகைக்கு வந்துவிடும். எடை போட்டு முடித்த பெண்கள், சாப்பாட்டில் மிச்சம் பிடித்த ரொட்டியில் ஆளுக்கொரு துண்டு போடுவார்கள். அதுதான் அதற்குக் கூலி.

ஃபாக்டரி சங்கு நின்றுபோன பிறகும் செவலைக்கு அந்த நேரம் மறக்கவில்லை. தராசும் கிடையாது, கூடையும் கிடையாது. இருந்தும் பொழுது சாய ஆரம்பித்தால் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டிப்போட்டோம், கயிற்றைக் கடித்துக்கொண்டு வந்தது.

அப்படித்தான் ஒருநாள், வெள்ளைப் புசுபுசு நாயோடு வந்திருந்த மெட்ராஸ் அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் நாய்க்கு உண்ணி ஒட்டிக்கொள்ளும் என்று எஸ்டேட் மேனேஜருக்குப் போன் போட்டாள். மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“ஏம்மா, இது யாரூட்டு நாய்? உம்பட நாயா இருந்தா, நாயோட நீயும் கெளம்பிக்க.”

செவலை அம்மாவின் காலில் தலையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. அம்மா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியலைங்க. எந்த லயத்து நாயோ.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாய் வரலாம்னுதானே பலகையில போட்டிருக்கு?” என்று கேட்டேவிட்டேன்.

மேனேஜர் சிரித்தார். “அது நாய்ங்களுக்கு, கண்ணு. இது தெருப்பொறுக்கி.”

டிரைவர் பிடிக்கப் போனபோது செவலை பல்லைக் காட்டியது. மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். “உங்கிட்ட நல்லாத்தான நிக்குது. நீயே ஏத்தி உடு.”

அம்மா உள்ளே போய் ஒரு துண்டு ரொட்டி எடுத்துவந்து ஜீப்புக்குள் போட்டாள். கூலி வந்துவிட்டது என்று வாலை ஆட்டிக்கொண்டு ஒரே தாவலில் ஏறியது செவலை. ரொட்டியை அது தின்று முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அணையைத் தாண்டி எங்கோ விட்டதாக டிரைவர் சொன்னார். அது திரும்பி வரவேயில்லை. மேனேஜரின் அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

மறுநாள் காலை அந்த வெள்ளை நாய் வந்து அம்மாவின் காலை முகர்ந்தது. அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“உங்களுக்கு நாய்னா பயமாம்மா?” என்று மெட்ராஸ் அம்மா கேட்டாள்.

“ஆமாங்க,” என்றாள் அம்மா.

“பயப்படாதீங்க. இது நல்ல ஜாதி.”