பாட்டுக்காக விட்ட பாடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சென்னையில் உள்ள ஓர் அரங்கத்தில் நடந்தது இது. அப்போது நான் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில் என்று தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வெளிநாட்டுக் குழு ஒன்றின் ஓபரா நிகழ்ச்சிக்கு எங்கள் கம்பெனிக்கு இலவச பாஸ் வந்திருந்தது. வசனமே கிடையாது, கதை முழுவதையும் பாடியே நடிப்பார்கள் என்றார் மேனேஜர். யாரும் கேட்காமல் கிடந்த இரண்டு பாஸை நான் வாங்கிக்கொண்டேன். பெரிய ரசனை எல்லாம் இல்லை. ஒருமுறை பார்க்கலாமே என்ற ஆசைதான். கூட வருவதாகச் சொன்ன தோழிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. "தனியா போவாத, நைனாவ இட்டுக்கினு போ" என்றார் அம்மா. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. முறை வைத்துத்தான் இடம் கிடைக்கும். அந்த முறையைப் 'பாடு' என்போம். அந்த ஞாயிறு நைனாவின் பாடு. விட்டால் மறுபடி வரப் பல நாள் ஆகும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், விசேஷத்துக்குக் கட்டும் வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாடகம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நைனா என் காதருகே குனிந்தார். "மைக்கு எங்க கீது?"

நானும் பார்த்தேன். மைக் இல்லை. கதாநாயகியாக வந்த பெண் வெறும் தொண்டையில்தான் பாடிக்கொண்டிருந்தாள். கீழே அத்தனை வயலின்கள் வாசித்தும் அவள் குரல் கடைசி வரிசையில் இருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"எதிர்காத்துல பக்கத்து போட்டுக்காரனக் கூப்புட்டுப் பாரு, தெரியும். இன்னா தொண்ட!" என்றார். அவள் ஓரிடத்தில் மூச்சு விடாமல் இழுத்து நிறுத்தியதும், அடக்க முடியாமல் கை தட்டிவிட்டார். பாட்டு முடியவில்லை. முன்வரிசைகளில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "சும்மா இரு நைனா" என்று அவர் கையைப் பிடித்து இறக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் மேடையைப் பார்க்க ஆரம்பித்தார். மொழி புரியாவிட்டாலும் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

இடைவேளையில் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். அவரிடம் ஒரு விஷயத்தை நான் மறைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, "ஃபிஷரீஸ்ல இருக்கார்" என்று சொல்லியிருந்தேன். மேனேஜர் அதை மீன்வளத் துறை அதிகாரி என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

"அப்பாவா?" என்று கேட்டார் மேனேஜர்.

என் கண் நைனாவின் கையில் இருந்த காபி டம்ளருக்குப் போனது. வலைக்கயிறு அறுத்த தழும்புகள் விரல் முழுக்க இருந்தன. எனக்கு வாய் வரவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி இருக்கும்.

"இல்ல சார். நான் பக்கத்து வூட்டுக்காரன். பாப்பாவுக்குத் துணையா வந்தேன்" என்றார் நைனா.

மேனேஜர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். ஃபிஷரீஸ் கதை நைனாவுக்குத் தெரியாது. என் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு அவர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அந்தப் பெண் பாடிக்கொண்டே செத்துப்போவதாகக் கதை முடிந்ததும், அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அவரும் எழுந்தார். தட்டவில்லை.

திரும்பும் ரயிலில் அந்தப் பாட்டுக்காரியைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தார். "சாவப்போறவளுக்கு அம்மாம் மூச்சு எங்கிருந்து வருது?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நினைத்தேன். அனுப்பம்பட்டு போய், பொன்னேரியும் வந்துவிட்டது. கேட்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போய், நேற்று வந்தது என் அப்பாதான், அவர் ஏரியில் மீன் பிடிக்கிறார் என்று சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுத்து, "அப்படியா? சரிம்மா" என்றார். பிறகு ஒரு ஃபைலைக் கேட்டார். அவ்வளவுதான். நான் எட்டு மாதம் பயந்த விஷயம் அவருக்கு அரை நிமிடம்கூடப் பெறவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஃபிஷரீஸ் கதை முதல் எல்லாவற்றையும் நைனாவிடம் சொன்னேன். வாசலில் கிழிந்த வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர், நான் முடிக்கும்வரை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?"

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும், ஏரியில் மீன் பிடிக்கிறார் என்று உடனே சொல்லிவிடுகிறேன். ஆனால் எத்தனை பேரிடம் சொன்னாலும், அன்று அவர் பக்கத்தில் நான் வாய் திறக்காமல் நின்ற அந்த இரண்டு நொடிக்கு அது ஈடாகவில்லை.