ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிய ஆள்

லென்ஸ்காரர் ஒரு பொருளை வாங்கி முடிப்பதற்குள் விற்கிறவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒருமுறை குடை வாங்கப் போனவர், கடைக்காரரை ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, விரித்த குடைமேல் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப் பைக்குள் கைவிட்டார். இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் இவர் தலை தெருவில் தெரிந்தால் உள்ளே போய் நின்றுகொள்கிறார்.

பிழைப்பு அப்படி. கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் அறுத்து, விளிம்பு தேய்த்து, ஃபிரேமில் பொருத்துகிறார். ஒரு தலைமுடி அகலம் விலகினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு மண்டையிடி வந்துவிடும். அதனால் எதையும் விளக்கடியில் பிடித்து, திருப்பி, மறுபடியும் திருப்பிப் பார்க்காமல் கையை விட்டு அனுப்பமாட்டார். கடையில் அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதை யார் கேட்டார்கள்?

"என்னை மட்டும் எப்படித்தான் கட்டிக்கிட்டாரோ. அன்னைக்குக் கண்ணாடி போட மறந்திருப்பாரு" என்பாள் அவர் மனைவி.

இந்த மனிதருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய கிதார். வாசிக்கவா? அதெல்லாம் நாலு கார்டு பிடிக்கத் தெரியும், அதுவும் விரல் வலித்தால் மூன்று. வாங்குவதுதான் சுகம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் பழைய கிதாரை விற்கப் போடும் ஒரு இணையதளத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடியிருப்பார். அங்கே இவர் பெயருக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரம். "இது போலி, அது பூசி மெழுகினது, இவன் ஏமாத்துக்காரன்" என்று இவர் எழுதிவிட்டால் அப்புறம் அந்தப் பொருள் போணியாகாது.

ஆரம்பத்தில் இவரும் ஏமாந்தவர்தான். இரண்டாவதாக வாங்கிய கிதாரை நாற்பது வருடப் பழசு என்று ஒருவன் தலையில் கட்டினான். இவர் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்துவிட்டு, எட்டாம் நாள் நடுத்துளை வழியாகச் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தால், உள்ளே ஒட்டியிருந்த காகிதம் காப்பித் தண்ணீரில் நனைத்துப் பழசாக்கியது. மோந்து பார்த்தார். காப்பி வாசனைகூடப் போகவில்லை, பாவி.

அன்றிலிருந்து பதினோரு புகைப்படம். முன்பக்கம், பின்பக்கம், கழுத்தை நுனியிலிருந்து நீளவாக்கில், முறுக்காணிகளின் முதுகு, கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அடிப்பகுதி, துளைக்குள் கண்ணாடி விட்டு மூன்று படம் என்று பட்டியல் போகும். பதினோராவது படத்தில் அன்றைய தேதியைக் கைப்பட எழுதிய சீட்டைக் கிதார்மேல் வைத்திருக்க வேண்டும். கொடுக்காதவன் திருடன். உடனே கொடுத்தவனா? ஏற்கெனவே தயாராக வைத்திருந்தவன், அவன் பெரிய திருடன்.

இந்த லட்சணத்தில்தான் மகளுக்குக் கிதார் தேவைப்பட்டது. அவள் வாசிப்பாள், நிஜமாகவே வாசிப்பாள். இசைக் கல்லூரியில் சேர நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தார்கள், பன்னிரண்டு நாளில். அந்த நேரம் பார்த்து அவளுடைய கிதாரின் பாலம் பலகையை விட்டுப் பெயர்ந்து எழும்பிவிட்டது. கம்பியை முறுக்கினால் சுருதி அரை நிமிடம் நிற்கவில்லை.

"புதுசா ஒண்ணு வாங்கிடலாம்ப்பா. சாதாரணமா இருந்தாலும் பரவாயில்லை."

"புது மரம் பேசாதும்மா. அப்பா இருக்கேன்ல, நல்லதா பாத்துத் தரேன்."

பார்த்தார். ஐந்து கிதார் பார்த்தார், ஐந்தையும் தள்ளினார். ஒன்றில் திருகாணி புதுசு. ஒன்றில் விற்கிறவருடைய எழுத்துப்பிழைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் ஓடிப்போனது. ஐந்தாம் நாள் ஆறாவது ஒன்று வந்தது. சின்ன உடம்பு, அறுபது வயது மரம், முகப்பலகை தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது. விற்கிறவர் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவராம், ஏதோ துறைமுகத்தில் வாங்கினாராம், விரல்கள் இப்போது மடங்க மறுக்கின்றனவாம்.

சாப்பாட்டு மேசையில் கைபேசியை மகளிடம் நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் தட்டில் இருந்தது ஆறிப்போனது.

"இதுதான்ப்பா. இதுதான் எனக்கு."

"அவசரப்படாதே. விலை ரொம்பக் கம்மியா இருக்கு. இதுல ஏதோ இருக்கு."

"என்ன இருக்கும்?"

"அதைத்தான் கேக்கப் போறேன்."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லென்ஸ்காரர் அதையும் கவனித்தார். அடுத்த இரண்டு நாளும் இவர் கூடத்துக்குள் நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று அவருக்கு மூக்கு வியர்த்தது, ஆனால் கிதார் விவகாரம் முந்திக்கொண்டது. அவர் பதினோரு படம் கேட்டு எழுதியதற்குச் சமையல்காரர் நாலு படம் அனுப்பி, "எனக்குக் கண்ணாடியை உள்ளே விடவெல்லாம் தெரியாது, நேரில் வந்து பாருங்கள்" என்று எழுதினார். நேரில் கூப்பிடுகிறானே, எதற்கு என்று இவர் ஒரு நாள் யோசித்தார். மறுநாள் காலை கடைக்குப் போகும் பேருந்தில் தளத்தைத் திறந்தால், அந்தக் கிதாரின்மேல் "விற்கப்பட்டது, அனுப்பப்பட உள்ளது" என்று பட்டை.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் வாங்கியது? மஞ்சள்குருவி என்று ஒரு பெயர். கணக்குத் திறந்து மூன்று நாள்தான் ஆகிறது. நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. முகப்படம் இல்லை. விற்பனைப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி கேள்வி கேட்கும் இடம் ஒன்று உண்டு, அதில் ஒரு கேள்விகூட இல்லை. பேரம் இல்லை. கேட்ட விலையை அப்படியே கட்டியிருந்தது.

அறுபது வருடக் கிதாரை ஒரு கேள்வியும் கேட்காமல் எவன் வாங்குவான்? திருட்டு அட்டையை வைத்திருப்பவன் வாங்குவான். இந்த மோசடி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்தவருடைய அட்டையில் பணம் கட்டிப் பொருளை வரவழைத்துக்கொள்வான். அட்டைக்குச் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் வங்கி பணத்தைத் திரும்பப் பிடுங்கும். விற்றவர் கிதாரையும் இழந்து காசையும் இழந்து நிற்பார்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், தேய்ப்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே சமையல்காரருக்கு எழுதினார். "ஐயா, பத்து வருட அனுபவத்தில் சொல்கிறேன். மஞ்சள்குருவி நூற்றுக்கு நூறு மோசடிப் பேர்வழி. கிதாரை அனுப்பிவிடாதீர்கள். தளத்திலும் புகார் கொடுத்துவிடுங்கள்." ஒரு பெரியவரைக் காப்பாற்றிய திருப்தி அவருக்கு. கிதார் மறுபடி தன் பக்கம் வரும் என்ற கணக்கு உள்ளே இல்லாமலா இருந்தது? இருந்தது. மனிதர் வத்தி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சாயங்காலத்துக்குள் சமையல்காரர் விற்பனையை ரத்து செய்தார், புகாரும் கொடுத்தார். தளம் மஞ்சள்குருவியின் கணக்கை முடக்கியது.

வீட்டுக்கு வந்தபோது மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"என்னாச்சு?"

"என்னத்தைச் சொல்ல. உங்ககிட்ட மறைச்சோம்ங்க, தப்புதான். அந்தச் சின்னக் கிதாரை அவளே வாங்கிட்டா. பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துச் சேத்த காசு, கொஞ்சம் நான் போட்டேன். உங்ககிட்ட சொன்னா நீங்க இன்னும் பத்து நாள் கேள்வி கேப்பீங்கன்னு சொல்லல. எந்தப் படுபாவியோ அவளை மோசடிக்காரின்னு அந்த மனுஷன்கிட்ட எழுதிட்டான். கிதாரும் போச்சு. கட்டின காசு திரும்பி வர ரெண்டு வாரம் ஆகுமாம். அவன் நல்லா இருப்பானா?"

லென்ஸ்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யாரு எழுதினதுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"தெரிஞ்சா விடுவேனா?"

சாத்திய கதவுக்குப் பின்னால் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இவர் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிதாரை எப்படியாவது மீட்டுக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டால் விஷயம் அமுங்கிப் போகும் என்று ஓடியது புத்தி. கோழை! நாலு பேரைத் திருடன் திருடன் என்று எழுதும்போது இருந்த தைரியம் எங்கே போனதோ.

மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, உறையில் பணத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போனார். சமையல்காரரின் வீடு மூன்றாவது மாடியில். மரக்கதவு திறந்தது, இரும்புக் கம்பிக் கதவு திறக்கவில்லை. வெங்காயம் வதங்கும் வாசனையோடு ஒரு தடித்த கிழவர் கம்பிக்குப் பின்னால் நின்றார். லென்ஸ்காரர் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஓ. அந்த மோசடிப் பேர்வழி உங்க பொண்ணா?"

"ஆமாங்கய்யா. எனக்குத் தெரியாது."

"நேத்து திருடிங்கிறீங்க. இன்னைக்கு மகள்ங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?"

இவர் கைபேசியில் குடும்பப் படத்தைக் காட்டினார். கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "படத்தை யாரு வேணா காட்டலாம், தம்பி. நான் முப்பது வருஷம் கப்பல்ல இருந்தவன், யாரையும் சந்தேகப்பட்டதில்லை. நீங்க ஒரு கடிதம் எழுதினீங்க, இப்ப பால்காரனைப் பாத்தாகூட இரும்புக் கதவைத் தொறக்க மாட்டேங்குது கை."

"பணம் கையிலயே கொண்டுவந்திருக்கேன். எண்ணிப் பாத்துக்கோங்க."

"உங்க பணம் வேண்டாம். உங்களுக்குக் குடுக்கவே மாட்டேன்." அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டு, கரண்டியோடு திரும்பி வந்தார். "அந்தப் பொண்ணு எனக்கு ரெண்டு வரி எழுதியிருந்தா. அடுத்த வாரம் தேர்வு, இதை நல்லபடியா வச்சுக்குவேன்னு. படிக்கும்போது உண்மைன்னுதான் தோணிச்சு, அப்புறம் உங்க கடிதம் வந்து கெடுத்திருச்சு. அவ வரட்டும். தனியா வந்து, எழுதினது எங்கப்பாதான்னு என் மொகத்தைப் பாத்துச் சொல்லட்டும். அப்ப நம்புறேன்."

"வேற ஏதாவது ஆதாரம்..."

"இதுதான் எனக்கு வேணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மாற்று வழி தேடினார். வேறு கிதார் பார்க்கலாமா? நாலு நாள்தான் இருக்கிறது. மனைவியை விட்டுச் சொல்லச் சொல்லலாமா? தன் நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டு, அடுத்ததில் இறங்கிப் பின்னால் நடந்தார்.

மகள் சமையலறை மேசையில் பழைய கிதாரின் பாலத்தைப் பசை தடவி, துணியால் சுற்றி, மேலே அகராதியைப் பாரம் வைத்துக்கொண்டிருந்தாள். தாய் பக்கத்தில் இருந்தாள்.

"அது ஒட்டாதும்மா" என்றார்.

"தெரியும்ப்பா. வேற என்ன பண்ண?"

"அந்தப் பெரியவருக்கு எழுதினது நான்தான்."

மனைவி எழுந்து நின்றுவிட்டாள். முந்தின நாள் தான் வாரி இறைத்த வசவு எல்லாம் யார் தலையில் விழுந்தது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். லென்ஸ்காரர் நிறுத்தாமல் பேசினார். புதுக்கணக்கு, நட்சத்திரம் இல்லை, கேள்வியே கேட்கவில்லை, எவனோ மோசடிக்காரன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நீ என்று தெரியாது என்றார். பெரியவர் போட்ட நிபந்தனையையும் சொன்னார். கடைசியில், "நீன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேனாம்மா?" என்று கேட்டார்.

மகள் கையில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"நான்னு தெரிஞ்சிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்களாப்பா? இவ்வளவு காசு ஏது உனக்குன்னு முதல்ல கேட்டிருக்க மாட்டீங்க?"

கேட்டிருப்பார். அவருக்கே தெரிந்தது.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு விலாசத்தை வாங்கிக்கொண்டாள். பணத்தை நீட்டினார், வாங்கவில்லை. "நானும் வரேன், கீழயே நிக்கிறேன்" என்றார்.

"அவர் தனியாத்தானே வரச் சொன்னாரு. நீங்க இருங்க."

பொழுது சாயும் முன் திரும்பி வந்துவிட்டாள், தோளில் பழைய கறுப்புப் பெட்டியோடு. கிழவர் இரும்புக் கதவைத் திறந்து, உட்கார வைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாராம். காசு திரும்ப வந்ததும் அனுப்பினால் போதும் என்று சொல்லிப் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டாராம்.

"எழுதி எதுவும் வாங்கிக்கலையா அவரு?" என்று லென்ஸ்காரர் கேட்டேவிட்டார். மனைவி பார்த்த பார்வையில் தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் பெட்டியைத் திறந்தாள். கட்டிலில் உட்கார்ந்து சுருதி சேர்த்து, மெதுவாக ஏதோ வாசித்தாள். சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வீடே நிறைந்தது. வாசித்து முடித்துவிட்டுக் கிதாரை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"பாருங்கப்பா."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எதுக்கு? நல்லாத்தான் இருக்கும். நான் பாக்கவே மாட்டேன்மா, இனிமே எப்பவும்."

மனதாரத்தான் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதுதான் சுத்தமான வார்த்தை. மகள் அவர் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கிதாரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.