மெனு போர்டில் எழுதிய நடு அடுப்பு

செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் கஃபேயில் மூன்று அடுப்புகள். ஒருநாள் காலை நடு அடுப்பில் லைட்டரைத் தட்டினேன். கேஸ் டியூப் கழன்றிருந்தது எனக்குத் தெரியாது. குப்பென்று பிடித்தது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

புண் ஆறியது. வேலைக்குத் திரும்பிய முதல் நாள், யாரோ லைட்டர் தட்டிய சத்தத்துக்கே மாவுப் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். மாஸ்டர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. அடுப்புக்குப் பயந்தவன் எப்படி மாஸ்டர் ஆவது?

ஓனர் கரீம் பாய் திட்டவில்லை. "கொஞ்ச நாளு கிச்சன் பக்கம் போவாத. டிகிரி படிச்சிருக்க இல்ல, வாசல்ல மெனு போர்டு எழுது" என்று சாக்பீஸைக் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பரீட்சையைத் தவிர எதற்கும் எழுதியதில்லை. இட்லி, பொங்கல், லெமன் டீ எழுதிய பிறகும் பாதி போர்டு காலி. சும்மா ஒரு வரி சேர்த்தேன்: 'பொங்கலில் இன்று மிளகு ஜாஸ்தி. மாஸ்டருக்கு வீட்டில் சண்டை.'

எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது. மாஸ்டர் ஏழுமலை அண்ணன் கரண்டியோடு வந்து படித்தார். "சண்டைனு எவன்டா சொன்னான்? அவ பேசவே மாட்றா, அதான் பிரச்சன."

அதன்பின் தினமும் எழுதினேன். ஆட்டோ சேகர் அண்ணன் டீ குடிக்காமலே படித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. நடு அடுப்பைப் பற்றி எழுதினேன். வீட்டில்கூடச் சொல்லாதது. தீ பிடித்தபோது 'ஐயோ, மாவு வீணாகுமே' என்று நினைத்தது, இன்னமும் தூக்கத்தில் அந்தச் சத்தம் கேட்பது, எல்லாம். முடித்துப் பார்த்தால் இட்லிக்கு இடமில்லை.

அழிப்பதற்குள் சேகர் அண்ணன் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். நின்றவர்கள் அமைதியாகக் கேட்டார்கள். மாவு வந்த இடத்தில் மட்டும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

பாய் வந்தார். "இன்னாடா, டிபன் இன்னா இருக்குதுனு எங்க?"

"எடம் இல்ல பாய்."

"கெடக்கட்டும் விடு. வாயால சொல்லிக்கலாம்."

பிறகு வீட்டிலும் அதையே எழுதினேன், திரும்பத் திரும்ப. முதலில் அதில் நானும் தீயும்தான் இருந்தோம். எழுத எழுத, ஈரச் சாக்குப்பையோடு ஓடி வந்த ஏழுமலை அண்ணன் வந்தார். சிலிண்டரை மூடிய பாய் வந்தார். நான் அங்கே தனியாக இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஏழுமலை அண்ணனிடம் லைட்டரைக் கேட்டேன்.

"பக்கத்துல நிக்கட்டுமாடா?"

"நில்லுங்கண்ணா. ஆனா போர்டுல எழுதிடுவேன்."

டியூபையும் ரெகுலேட்டரையும் பார்த்துவிட்டுத் தட்டினேன். நீலமாக எரிந்தது. முதல் தோசை பிய்ந்துபோனது. "எழுத்தே தேவலாம்பா" என்றபடி சேகர் அண்ணன் அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கிச்சனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுப்பைத் தொடும் முன் டியூபைப் பாருங்கள். அதையும் மீறி ஏதாவது ஆகிவிட்டால், புண் ஆறியதும் நடந்ததை எழுதுங்கள். உங்களை நோக்கி யார் யார் ஓடி வந்தார்கள் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.