பீரோவுக்குப் பின்னால் இருந்த கோடு

நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் படிக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது என் பழக்கம். ஸ்டெல்லா மேடம் சிதம்பரத்தில் காலமானார் என்ற செய்திக்கும் காட்டித் தொலைத்தேன். மகள் போனில் திட்டிய பிறகுதான் படித்தேன். மேடம் கேள்விப்பட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கெடிலம் ஆற்றங்கரையில் நம் தெரு வெள்ளத்தில் மூழ்குகிறது, எல்லோரும் காலி செய்து குறிஞ்சிப்பாடிப் பக்கம் அடுக்குமாடிக்குப் போக வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. கடலூர் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம்; அவ்வளவு தூரம் போனால் பிழைப்பு போய்விடும். அப்போதுதான், கல்லூரி வேலையை விட்டுத் தனியாக ஆய்வு செய்துவந்த மேடம், யாரும் அனுப்பாமல் ஒரு டேப்போடு வந்தார். வீடு வீடாகச் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டை அளந்தார்.

படித்தவர் வருகிறாரே என்று நான் முதல் நாளே வீடு முழுக்க வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

“கோடு எங்கங்க?” என்றார்.

“கட்டிக்கிட்ட நாளா இவரு ஒழுங்கா செஞ்ச ஒரே வேல இதுதான் மேடம்,” என்றாள் என் மனைவி.

“கணுக்கால் அளவுன்னு போட்டுக்குங்க மேடம். நாங்க பொழச்சிக்குவோம்,” என்றேன்.

“நீங்க சொல்றத எழுதினா அது மனு. அதுக்கு நான் எதுக்கு?”

சோம்பலில் நான் நகர்த்தாத பீரோவை அவரே தள்ளினார். பின்னால் இடுப்பளவில் கோடு. தொலைந்தோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கோடுதான் காப்பாற்றியது. ஆற்றோரம் முழங்காலளவு நின்ற தண்ணீர், ரோட்டோரம் என் வீட்டில் இடுப்பளவு நின்றிருக்கிறது. ஊர்த் தண்ணீர் ஆற்றுக்குப் போகும் வாய்க்கால் அடைத்துக் கிடந்ததுதான் காரணம் என்று எழுதி, அதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டினார். வாய்க்காலைச் சரிசெய்தார்கள். தெரு தப்பியது.

ஒரு வீட்டைத் தவிர. ஆறு கரையை அரித்துக்கொண்டிருந்த இடத்தில் இருந்த என் மச்சான் வீடு போகத்தான் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

“நம்ம பக்கம்னு நெனச்சமே மேடம்,” என்றான் அவன்.

“அத மறைச்சா மத்தத யாருப்பா நம்புவாங்க?”

துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அவனுக்கு இடம் தர வேண்டும் என்றும் அதே அறிக்கையில் இருந்தது. தந்தார்கள். ஆனாலும் அவன் மேடத்தோடு பேசவில்லை. அடுத்த மழையில் பழைய வீடு ஆற்றோடு போனது. அந்நேரம் புது வீட்டில் அவன் குடும்பம் சோறு தின்றுகொண்டிருந்தது.

மேடத்தின் அடக்கத்துக்குச் சிதம்பரத்துக்கு என் ஆட்டோவில்தான் போனோம். மச்சானும் வந்தான். கல்லறையில் மண் போட்டுவிட்டுச் சொன்னான்: “ஒரு வார்த்த பேசியிருக்கலாம் மாமா.”

இப்போதெல்லாம் கிறிஸ்துமஸுக்குப் பீரோவை நகர்த்தித்தான் வெள்ளையடிக்கிறேன். கோடு இருக்கும் ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிடுகிறேன். என் மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள்.

“பாத்து. கோட்டுல பட்டுடப் போவுது.”